பச்சை படிந்த மீன்: நகாடா புதைகுழிகளின் மை அரைக்கும் கற்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு கல் மீன். தடிமன் ஒரு விரல் அளவுகூட இருக்காது. கரும்பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். ஒரு முனையில் வால், அதில் செதில் செதிலாகக் கீறல்கள். முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் துடுப்பு தெரியும்படி விளிம்பை லேசாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். கண் இருக்கவேண்டிய இடத்தில் சிறு குழி. சில மீன்களில் அந்தக் குழிக்குள் கிளிஞ்சலிலோ தீக்கோழி முட்டை ஓட்டிலோ செய்த வெள்ளை வளையம் இன்னும் இருக்கிறது. பலவற்றில் உதிர்ந்துபோய்க் குழி மட்டும் மிச்சம். முதுகோரத்தில் கயிறு கோக்க ஒரு துளை.

இதுவரை பார்த்தால் பொம்மை என்றே தோன்றும். கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கதை மாறும். மீனின் நடு உடம்பு தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவில், கீறல்களின் இடுக்கில், பச்சை நிறம் ஒட்டியிருக்கும். அது மலாக்கைட் என்ற செம்புத் தாதுவின் தூள். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் தன் கண்ணுக்கு மை இட அரைத்ததில் மிஞ்சியது.

எகிப்தில் பிரமிடுகளுக்கு வெகு காலம் முன்பு, அரசன் என்று ஒருவன் வருவதற்கும் முன்பு, நைல் ஓரத்து மக்கள் இப்படிப்பட்ட கற்களை விலங்கு வடிவில் செய்து பயன்படுத்தினார்கள். மீன், ஆமை, நீர்யானை, பறவை, காட்டு ஆடு, யானை எனப் பல வடிவங்கள். இவை கருவியா, தாயத்தா, பிணத்தோடு வைக்கச் செய்த சடங்குப் பொருளா என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளாகப் பல பதில்கள் வந்துவிட்டன. இந்த ஆய்வு அந்தக் கேள்வியை நகாடா என்ற ஓர் இடத்திலிருந்து பார்க்கிறது. பெரும்பாலான எழுத்துகள், எகிப்தின் முதல் அரசர்களில் ஒருவனான நார்மரின் புகழ்பெற்ற பெரிய தட்டில் ஆரம்பித்துப் பின்னோக்கி வருகின்றன. நான் சின்ன மீனிலிருந்து முன்னோக்கிப் போகிறேன். வரிசையை மாற்றினால் பதிலும் மாறுகிறது என்பது என் எண்ணம்.

குழிக்குள் இருந்தது என்ன

நகாடா, தெற்கு எகிப்தின் லக்சர் நகருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், நைலின் மேற்குக் கரையில் இருக்கிறது. 1894ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே தோண்ட ஆரம்பித்தார். பக்கத்திலேயே பல்லாஸ் என்ற இடத்தில் ஜேம்ஸ் குவிபெல் தோண்டினார். அடுத்த சில மாதங்களில் நகாடாவில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட புதைகுழிகள் வெளிவந்தன.

அவை எகிப்து என்றதும் நம் மனதில் வரும் கல்லறைகள் அல்ல. மணலில் தோண்டிய குழிகள். உள்ளே ஓர் உடல், முழங்கால் மார்போடு மடங்கி, தூங்கும் குழந்தை போல இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடக்கும். பெரும்பாலும் தலை தெற்கே, முகம் மேற்கே. கீழே பாய், மேலே பாயோ தோலோ. சுற்றிலும் பானைகள். அப்புறம், பல குழிகளில், முகத்துக்கோ கைகளுக்கோ பக்கத்தில் இந்தக் கல் தட்டு.

தட்டு தனியாகக் கிடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதோடு அரைப்பதற்கான உருண்டைக் கூழாங்கல் ஒன்று, பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், வழுவழுப்பாக. சில குழிகளில் சிறு தோல் பையில் மலாக்கைட் துண்டுகளும் இருந்தன. அரைக்கும் கல், குழவி, அரைக்க வேண்டிய பொருள் என மூன்றும் சேர்ந்து ஒரு முழுத் தொகுப்பு. புதைத்தவர்கள் ஓர் அழகான மீனை மட்டும் உள்ளே வைக்கவில்லை. செத்தவர் எழுந்து உட்கார்ந்தால் உடனே மை இட்டுக்கொள்ள என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் வைத்திருக்கிறார்கள். தட்டின் பொருளை முடிவு செய்வதற்கு முன்பு இந்தத் தொகுப்பை மனதில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பெட்ரிக்கு முதலில் பெரிய தவறு நேர்ந்தது. தனக்குத் தெரிந்த எகிப்துக்கும் இந்தப் பொருள்களுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை என்று கண்டதும், இவர்கள் வெளியிலிருந்து வந்த ‘புதிய இனம்’ என்றும், பிரமிடுகள் எழுந்த ‘பழைய அரசு’க் காலம் முடிந்த பிறகு நாட்டுக்குள் புகுந்தவர்கள் என்றும் முடிவுகட்டினார். காலத்தில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான பிழை அது. எகிப்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்த பிரெஞ்சுக்காரர் ஜாக் டி மோர்கன் 1896இல் எழுதிய நூலில், இவை வரலாற்றுக்கு முந்தைய எகிப்தியர்களின் குழிகளே என்று சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. பெட்ரியும் பிறகு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், அந்தப் பிழையிலிருந்தே தொல்லியலுக்கு ஒரு புது முறையை உருவாக்கினார்.

எழுத்து இல்லை, அரசர் பெயர் இல்லை, நாணயம் இல்லை. குழிகளை எப்படிக் காலவரிசைப்படுத்துவது? ஹூ என்ற ஊருக்கு அருகில் தோண்டிய இடுகாடுகளை ஆராயும்போது, சுமார் 900 குழிகளின் பொருள்களைத் தனித்தனி அட்டைச் சீட்டுகளில் எழுதி, ஒத்த வடிவங்கள் அடுத்தடுத்து வரும்படி மாற்றி மாற்றி அடுக்கினார். பானைகள்தான் முக்கியச் சாட்சி. ஆனால் மை அரைக்கும் தட்டுகளும் கூடவே சாட்சி சொல்லின. தொடக்கத்தில் சாய்சதுரத் தட்டுகள். விலங்கு வடிவங்களும் அவற்றோடு வருகின்றன. பிறகு மீன்களும் பறவைகளும் பெருகுகின்றன. போகப்போக வால் மழுங்கி, துடுப்பு மறைந்து, மீன் வெறும் நீள்வட்டமாகிவிடுகிறது. இந்தக் காலத்தை இன்று நகாடாவின் பெயராலேயே மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். இன்றைய கணக்கில் நகாடா முதல் கட்டம் கி.மு. 4000 அளவில் தொடங்குகிறது, இரண்டாம் கட்டம் கி.மு. 3500 அளவில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம், பெட்ரி தன் வரிசை எண்களை 1இலிருந்து தொடங்காமல் 30இலிருந்து தொடங்கினார் என்பது. இதற்கும் முந்தையது ஒருநாள் கிடைக்கும், அதற்கு இடம் இருக்கட்டும் என்றுதான். கிடைக்கவும் செய்தது. 1920களில் கை பிரண்டனும் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் பதாரி என்ற இடத்தில் இன்னும் பழைய மக்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய குழிகளிலும் மை அரைக்கும் தட்டு இருந்தது. ஆனால் அது எளிய செவ்வகம். அதாவது தட்டு முதலில் வந்தது, விலங்கு பிறகு வந்தது. கருவி முந்தியது, உருவம் பிந்தியது. இந்த வாதத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஒரே ஒரு கல்

நைலின் இரு கரையிலும் சுண்ணாம்புக்கல் கொட்டிக் கிடக்கிறது. மென்மையான கல், கத்தி போட்டால் இழையும். இருந்தும் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் வேறொரு கல்லில்தான் செய்யப்பட்டன. பழைய நூல்களில் ‘சிலேட்டு’ என்று எழுதியிருப்பார்கள், அது தவறு. நுண்மணல் இறுகி உண்டான வண்டல் பாறை அது. புவியியலாளர்கள் கிரேவாக் என்றும் சில்ட்ஸ்டோன் என்றும் சொல்கிறார்கள். பழைய எகிப்தியர்கள் பிற்காலத்தில் பெகன் என்று அழைத்தார்கள்.

அந்தக் கல் கிடைப்பது கிழக்குப் பாலைவனத்தில், வாடி ஹம்மாமாத் என்ற வறண்ட பள்ளத்தாக்கில். நைல் கரையில் உள்ள கிஃப்து ஊரிலிருந்து செங்கடல் கரையில் உள்ள குசைர் வரை போகும் பழைய பாதையில், நடுவழியில் இருக்கிறது. தண்ணீர் சுமந்து பல நாள் நடக்க வேண்டும். கிஃப்துக்குச் சற்றுத் தெற்கே, எதிர்க்கரையில் நகாடா. அந்த ஊர் பெரிதாக வளர்ந்ததற்கு, பாலைவனத்துக்குப் போகும் வாசலில் அது இருந்ததும் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். இதே பள்ளத்தாக்கின் கல் வெட்டும் இடமும் தங்கச் சுரங்கமும் குறிக்கப்பட்ட பாப்பிரஸ் வரைபடம் ஒன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 1150 அளவில் வரைந்தது. பாறை வகைகளை வண்ணம் பிரித்துக் காட்டும் மிகப் பழைய வரைபடம் என்று அதைச் சொல்வார்கள். மை அரைக்கத் தொடங்கிய மக்கள் கண்டுபிடித்த கல்லை, மூவாயிரம் ஆண்டுகள் கழித்தும் அரசர்கள் ஆள் அனுப்பி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் அந்தக் கல்? அரைத்துப் பார்த்தால் புரியும். சுண்ணாம்புக்கல்லில் மலாக்கைட்டை வைத்துத் தேய்த்தால், கல்லும் சேர்ந்து தேய்ந்து, மையில் வெள்ளைத் தூள் கலந்துவிடும். இது அப்படியில்லை. துகள் மிக நுண்ணியது, இறுக்கமானது, மெல்லிய பலகையாகச் செதுக்கினாலும் எளிதில் நொறுங்காது. அரைபடும் மை சுத்தமாக இருக்கும். அம்மியில் மிளகாய் அரைப்பது போன்ற வேலை அல்ல இது. சந்தனம் இழைப்பதற்குத்தான் நெருக்கம். முதலில் தாதுவை உடைத்து, பிறகு கூழாங்கல்லால் வட்ட வட்டமாகத் தேய்த்து, மாவுபோல ஆனதும் நீரோ கொழுப்போ பிசினோ சேர்த்துக் குழைக்க வேண்டும். கண்ணுக்குள் உறுத்தாத அளவுக்கு நைசாக வரும்வரை விடக்கூடாது.

இவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்த கல்லை, இரும்பு இல்லாத காலத்தில், கல்லாலேயே கொத்தி, மணலும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, சிக்கிமுக்கிக் கூர் கொண்டு துளையிட்டு ஒரு மீனாக்கியிருக்கிறார்கள். பல நாள் வேலை. இது எல்லாருக்கும் கிடைத்த பொருள் அல்ல. எல்லாக் குழிகளிலும் தட்டு இல்லை. அதே சமயம் ஒரு சாராருக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. ஆண், பெண், குழந்தை எனப் பலரோடும் தட்டுகள் புதைக்கப்பட்டிருக்கின்றன.

பச்சை என்ற சொல்

‘அழகுசாதனத் தட்டு’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு, இதைப் பெண்களின் ஒப்பனைப் பெட்டியாக நினைத்துவிடுவது பரவலான பிழை. எகிப்தில் கண்ணுக்கு மை இட்டது எல்லாரும்தான். பிற்கால எகிப்திய மொழியில் பச்சையைக் குறிக்கும் ‘வாஜ்’ என்ற சொல்லுக்குப் பசுமை, செழிப்பு, நலம் என்ற பொருள்களும் உண்டு. பச்சை மையின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் ‘பசுமை’ நிறத்தோடு நிற்காமல் இளமைக்கும் வளத்துக்கும் போகிறதே, அதே மாதிரி. நைல் வெள்ளம் வடிந்ததும் கறுத்த மண்ணில் முளைக்கும் முதல் பயிரின் நிறம் அது. சுற்றிலும் செம்மணல் பாலைவனம் இருக்கும் ஊரில் அந்த நிறத்தைக் கண்ணைச் சுற்றிப் பூசிக்கொள்வதை வெறும் அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சூரிய ஒளியின் கூச்சத்தைக் குறைக்கும், ஈ மொய்ப்பதைத் தடுக்கும் என்றும் காரணம் சொல்வதுண்டு. இருக்கலாம். எகிப்தியக் கண்மை மருந்தாகவும் வேலை செய்தது என்று சொல்ல, 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே நிதானம் தேவை. அந்த ஆய்வு ஈயச் சேர்மங்கள் கலந்த பிற்கால மையைப் பற்றியது. நகாடா மீன்களில் இருப்பது முதன்மையாகச் செம்பின் பச்சை. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது தவறு. இந்தப் பச்சை எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கு, லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள செபா, நெசா ஆகியோரின் மூன்றாம் அரச வம்சக் காலச் (பிரமிடுகள் எழத் தொடங்கிய காலம்) சிலைகளைப் பார்க்கலாம். கண்ணுக்குக் கீழே பட்டையாகப் பச்சை தீட்டியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் கறுப்பு மை மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது.

ஏன் மீன், ஏன் ஆமை

வடிவங்களைப் பார்த்தால், செய்தவர்கள் விலங்குகளை அருகிலிருந்து பார்த்தவர்கள் என்று உடனே தெரிகிறது. நீர்யானை எப்போதும் பக்கவாட்டில். கனத்த வயிறும் குட்டைக் கால்களும் அப்போதுதானே தெரியும். ஆமை மேலிருந்து, வட்ட ஓடு, நான்கு புறமும் கால்கள், முன்னால் தலை. படகில் இருந்து குனிந்து பார்க்கும் ஒருவனின் பார்வை அது. வட்டமாக இருப்பதால் அரைக்கவும் வசதி. மீனும் அப்படித்தான்: அகன்ற தட்டையான உடம்பு, பிடித்துக்கொள்ள வால். விலங்கின் உருவமும் வேலையின் தேவையும் ஒன்றையொன்று கெடுக்காத வடிவங்களே நிலைத்தன.

மீன் தட்டுகள் பலவற்றில் இருப்பது திலாப்பியா வகை. நம் ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று பிடிக்கிறோமே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மீனின் நெருங்கிய சொந்தம்தான் நைல் திலாப்பியா. தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் அவை தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். வாயிலிருந்து உயிருள்ள குஞ்சுகள் வெளிவருவதைப் பார்த்த எகிப்தியர்கள் பிற்காலத்தில் அந்த மீனை மறுபிறப்பின் அடையாளமாக வைத்தார்கள். இறந்தவரின் முகத்தருகே திலாப்பியா ஏன் என்ற கேள்விக்கு இது அழகான பதில்.

அழகான பதில் என்பதாலேயே நான் கொஞ்சம் தயங்குகிறேன். பிற்கால நூல்களைக் கொண்டு முற்காலப் பொருளுக்கு விளக்கம் சொல்வதன் ஆபத்தை ஆமை காட்டிக்கொடுக்கிறது. பிற்கால எகிப்தில் ஆமை சூரியனின் எதிரி, அழிய வேண்டிய தீய சக்தி. அந்தப் பொருளை இங்கே கொண்டுவந்தால், நகாடா மக்கள் தீய சக்தியின் முதுகில் கண்மை அரைத்து, அதை அன்பானவர்களோடு புதைத்தார்கள் என்றாகிவிடும். மீனுக்குப் பொருந்தும் முறை ஆமைக்குப் பொருந்தவில்லை என்றால், மீனுக்குப் பொருந்தியதும் தற்செயலாக இருக்கலாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இவை பெரும்பாலும் வீட்டு விலங்குகள் அல்ல. ஆற்றிலும் புதரிலும் பாலைவன ஓரத்திலும் மனிதனின் கட்டுக்குள் வராமல் இருந்தவை. நீர்யானை படகைக் கவிழ்க்கும். யானையைப் பொறுத்தவரை, தெற்கே ஹிராகோன்போலிஸ் என்ற பழைய நகரின் மேட்டுக்குடி இடுகாட்டில் இதே காலத்தில் இரண்டு யானைகளைத் தனிக் குழிகளில் மரியாதையோடு புதைத்திருக்கிறார்கள். அப்படி மதித்த, அஞ்சிய, வியந்த உயிர்களின் உடம்பில் வைத்துத்தான் பச்சையை அரைத்தார்கள். மை மீனிலிருந்து கிளம்பி விரலுக்கு வந்து கண்ணுக்குப் போகிறது. கருவியா தாயத்தா என்று பிரித்துக் கேட்பது நம் பழக்கம். தேய்ந்த குழிவும் பதித்த கண்ணும் ஒரே கல்லில் இருக்கும்போது, செய்தவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

கல் பெரிதான கதை

நகாடா மூன்றாம் கட்டத்தில் பெரும் மாற்றம். சாதாரணக் குழிகளில் விலங்கு வடிவங்கள் அரிதாகி, ஓரத்தில் கோடு போட்ட வெறும் செவ்வகத் தட்டுகள் வருகின்றன. எகிப்தின் முதல் அரச வம்சத்தோடு அவையும் மறைகின்றன. அதே காலத்தில் இன்னொரு பக்கம் மிகப் பெரிய தட்டுகள் தோன்றுகின்றன. இருபுறமும் புடைப்புச் சிற்பம், வேட்டை, போர், வரிசையாக விலங்குகள். விலங்கு இப்போது கல்லின் வடிவமாக இல்லை. கல்லின் மேல் செதுக்கிய படமாகிவிட்டது.

இவற்றில் உச்சம் நார்மர் தட்டு. 1897-98 பருவத்தில் ஹிராகோன்போலிஸ் கோயில் பகுதியில் குவிபெல்லும் ஃபிரெடரிக் கிரீனும் கண்டெடுத்தார்கள். சுமார் 64 சென்டிமீட்டர் உயரம், கெய்ரோவில் இருக்கிறது. வருத்தமான விஷயம், அது சரியாக எந்த இடத்தில் கிடந்தது என்பதில் அந்த இருவரின் குறிப்புகளே ஒத்துப்போகவில்லை. நகாடாவில் பெயர் தெரியாதவர்களின் குழியில் மீன் கிடந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. எகிப்தின் மிகப் புகழ்பெற்ற தட்டுக்கு அது இல்லை.

நார்மர் தட்டின் ஒரு பக்கத்தில், நீண்ட கழுத்துள்ள இரண்டு விசித்திர விலங்குகள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு ஆட்கள் அவற்றைக் கயிற்றால் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பின்னிய கழுத்துகளுக்கு நடுவே ஒரு வட்டக் குழிவு. மை அரைக்கும் இடம் அதுதான். கோயில் தெய்வத்தின் சிலைக்கு மை இட அதில் அரைத்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் சுற்றிலும் பாருங்கள்: மேலே தலை வெட்டிய பத்து உடல்கள் வரிசையாக, கீழே கோட்டைச் சுவரை இடிக்கும் காளை. மறுபக்கம் அரசன் எதிரியின் முடியைப் பிடித்துத் தண்டாயுதத்தை ஓங்குகிறான். நகாடா மீனில் கல் முழுவதும் அரைக்கும் இடம்தான். இங்கே அது ஒரு சின்ன வட்டமாகச் சுருங்கி, மிச்ச இடம் எல்லாம் அரசனுக்குப் போய்விட்டது.

நார்மரிலிருந்து பின்னோக்கி வருபவர்கள், சின்னத் தட்டுகளை இந்தப் பெரிய கல்லுக்கு ஒத்திகையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. ஆயிரம் ஆண்டுகளாகப் பலர் கையில் பழகி, செத்த பிறகும் கூட வரும் அளவுக்கு நெருங்கிய ஒரு பொருளாக இருந்ததால்தான், தன் வெற்றியைச் செதுக்க அரசன் அதைத் தேர்ந்தெடுத்தான். சுவரும் தூணும் இருக்கும்போது மை அரைக்கும் கல்லில் ஏன் செதுக்க வேண்டும்? அந்த வடிவத்துக்கு மக்களிடம் ஏற்கெனவே மதிப்பு இருந்தது. அதை அவன் எடுத்துக்கொண்டான்.

மீனும் அங்கேயே இருக்கிறது. தட்டின் உச்சியில், இரண்டு பசுத் தலைகளுக்கு நடுவே ஒரு சிறு கட்டம். அதற்குள் ஒரு கெளுத்தி மீன், கீழே ஓர் உளி. மீனை ‘நார்’ என்றும் உளியை ‘மெர்’ என்றும் படித்தால் அரசனின் பெயர்.